திமிங்கிலத்துக்கு எதற்கு இடுப்பெலும்பு?



அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் 300 பேர் கடலோரமாகப் போன பயணத்தைப் பற்றி ஹதீஸ் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். கொண்டுபோன பேரீச்சம்பழம் தீர்ந்து, இலை தழையைத் தின்கிற நிலை வந்தபோது, குன்று மாதிரி ஒரு மீன் கரையொதுங்கிக் கிடந்தது. அம்பர் என்று அதற்குப் பெயர். பல நாள் அதைச் சாப்பிட்டார்கள். அதன் விலா எலும்பை நட்டு வைத்து, அதற்குக் கீழால் ஒட்டகத்தை நடத்திப் பார்த்தார்கள். அது திமிங்கிலமாகத்தான் இருக்க வேண்டும் என்பது பலருடைய விளக்கம். விலா எலும்பின் பெருமை ஊருக்கே தெரியும். நான் பேச வந்தது அதே பிராணியின் வேறோர் எலும்பைப் பற்றி. உடம்போடு பார்த்தால் மிகச் சின்னது. இடுப்பெலும்பு.

காலில்லாத பிராணிக்கு இடுப்பெலும்பு எதற்கு? ஆடு, மாடு, மனிதன் எல்லாருக்கும் இடுப்பெலும்பு முதுகெலும்போடு பூட்டப்பட்டு, காலைத் தாங்குகிறது. திமிங்கிலத்தில் அது எதனோடும் பூட்டப்படாமல் தசைக்குள் தனியே கிடக்கிறது. திருகோணமலைக் கடலுக்கு வருகிற நீலத் திமிங்கிலத்துக்கும் உண்டு, நம்முடைய வள்ளங்களுக்குப் பக்கத்தில் துள்ளுகிற ஓங்கிலுக்கும் உண்டு. உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகள் இதை எச்ச உறுப்பு, அதாவது முன்னோரில் செய்த வேலையை இழந்து எஞ்சி நிற்கிற உறுப்பு, என்று படிக்கிறார்கள். கூர்ப்புப் பாடத்தில் வரும். மாலையில் வேறோர் இடத்தில், இறைவன் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்றும் படிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்பது?

கூர்ப்பை ஏற்பவர், மறுப்பவர் என்ற இரு தரப்புமே இந்த வழக்கில் ஒரு தப்பான கேள்வியைத்தான் நூறு வருஷத்துக்கு மேலாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த உறுப்பால் பயன் உண்டா, இல்லையா என்ற கேள்வி.

முதலில் சறுக்கியவர்கள் கூர்ப்பைப் பேசியவர்களே. 1893 இல் ரொபர்ட் வீடர்ஷைம் என்ற ஜெர்மன் உடலமைப்பியலாளர், மனித உடலிலுள்ள எச்ச உறுப்புகள் என்று 86 ஐப் பட்டியலிட்டார். 1925 இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பள்ளியில் கூர்ப்புப் பாடம் நடத்தியதாக ஜோன் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது வழக்கு. அவருக்காக எழுத்தில் சாட்சியம் தந்த நியூமன் என்ற விலங்கியலாளரின் கையில் அந்தக் கணக்கு 180 ஆகிவிட்டது. இப்படி ஊதிப் பெருத்த பட்டியல் எத்தனை நாளைக்கு நிற்கும்? மூளைக்குள் இருக்கிற பீனியல் சுரப்பி அந்தப் பழைய பட்டியலில் இருந்தது. அது உறக்கத்தோடு தொடர்புள்ள ஓமோனைச் சுரக்கிறது என்று பிறகு தெரிந்தது. குடல்வளரியையே எடுங்கள். நல்ல பக்டீரியாக்கள் தங்குகிற களஞ்சியமாக அது இருக்கலாம் என்று 2007 இல் டியூக் பல்கலைக்கழகத்தார் எழுதினார்கள்.

இதைக் கண்டதும் படைப்புக் கொள்கையாளர்கள் வெற்றிக்கொடி ஏற்றினார்கள். பயன் இருக்கிறதே, ஆகவே கூர்ப்பு பொய். முதலில் இந்த வாதம் கிறிஸ்தவ நாடுகளில் கிளம்பியது. முஸ்லிம் உலகத்தில் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் துருக்கியின் ஹாறூன் யஹ்யா. படைப்பின் அட்லஸ் என்ற அவருடைய பாரிய வண்ணப் புத்தகம் 2007 அளவில் மேற்கு நாடுகளின் பள்ளிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும் இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்த ஒரு பூச்சிப் படத்தில், பூச்சிக்கு அடியில் இரும்பு முள் நீட்டிக்கொண்டிருந்தது. உண்மையான பூச்சியல்ல, மீன் பிடிக்கக் கட்டிய போலிப் பூச்சி. உயிரியலாளர் ரிச்சர்ட் டோக்கின்ஸ் அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். அச்சுக்குப் போக முதல் நம் கிழக்குக் கரையின் பாலமுனையில் தூண்டில் போடுகிற ஒரு பையனிடம் காட்டியிருந்தால் தப்பியிருக்கலாம்!

திமிங்கிலத்துக்கு வருவோம். அதன் இடுப்பெலும்புக்கும் வேலை உண்டு. ஆண் திமிங்கிலத்தின் இனப்பெருக்க உறுப்பை அசைக்கிற தசைகள் அதில்தான் பொருந்தியிருக்கின்றன. இணைகளுக்காகப் போட்டி அதிகமுள்ள இனங்களில் அந்த எலும்பு உடலளவோடு ஒப்பிட்டால் கூடுதலாகப் பெரிது என்று டைன்ஸ், டீன் என்ற ஆய்வாளர்கள் 2014 இல் காட்டினார்கள். அப்படியானால் எச்சம் என்ற பேச்சு விழுந்துவிட்டதா? இல்லை. ஓர் உறுப்பு ஒரு வேலையை இழந்து இன்னொரு வேலைக்குத் திரும்பலாம் என்று டார்வின் 1859 இலேயே எழுதிவிட்டார். அவரைப் படித்தவர்களுக்கு 2014 ஆய்வு அதிர்ச்சி தரவில்லை. அந்தத் தசைகளைப் பிடித்துவைக்க ஓர் எலும்பு தேவை, சரி. அது ஏன் நாலுகால் பிராணியின் இடுப்பெலும்பாக இருக்க வேண்டும்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பதில் சொல்லுகிற எலும்புகள் கிடைத்த இடங்களைக் கேளுங்கள். கெய்ரோவுக்குத் தென்மேற்கே, பையூம் பாலைவனத்தில், வாதி அல்-ஹீதான் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் கடலாக இருந்த மணல். நூற்றுக்கணக்கான திமிங்கில எலும்புக்கூடுகள் அங்கே கிடக்கின்றன. 2005 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே கிடக்கிற பசிலோசோரஸ் என்ற திமிங்கிலத்துக்குப் பின்னங்கால் இருந்தது என்று 1990 இல் கிங்கரிச்சும் கூட்டாளிகளும் அறிவித்தார்கள். சுமார் 15 மீற்றர் நீள உடம்புக்கு இரண்டடிக்கு மேற்படாத கால். முழங்கால் சில்லும் இருக்கிறது, விரலும் இருக்கிறது. அதைக் கொண்டு தரையில் ஓரடி கூட நடந்திருக்க முடியாது.

அதற்கும் முந்தியவை பாகிஸ்தானில் கிடைத்தன. சுமார் 5 கோடி வருஷம் முந்திய பாக்கிசீட்டஸ், நாலு காலில் நடந்த பிராணி. காதெலும்பு மட்டும் திமிங்கிலத்தினுடையது. நடக்கவும் நீந்தவும் தெரிந்த அம்புலோசீட்டஸை 1994 இல் அறிவித்த மூவரில் இருவர் ஹுசைனும் ஆரிபும். 2021 இல் நாலுகால் திமிங்கிலம் ஒன்றுக்கு ஃபயோமிசீட்டஸ் என்று பெயரிட்டவர்கள் எகிப்தின் மன்சூரா பல்கலைக்கழகத்துக் குழுவினர், அப்துல்லா கோஹரும் ஹிஷாம் சல்லாமும். கூர்ப்பு என்றால் வெள்ளைக்காரன் நம் ஈமானைக் கெடுக்கக் கொண்டுவந்த சரக்கு என்று பேசுகிறவர்கள் இந்தப் பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பழைய எலும்பை நம்ப மனம் வராதவர்களுக்கு இன்றைய ஓங்கிலே இருக்கிறது. ஓங்கிலின் கருவில் சில வாரங்களில் பின்னங்காலுக்கான மொட்டு அரும்புகிறது. கொஞ்சம் வளர்ந்து, பிறகு கரைந்துவிடுகிறது. 2006 இல் ஜப்பானின் தைஜியில் பிடிபட்ட ஓர் ஓங்கிலுக்கு, பின்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சோடி சிறு செட்டை இருந்தது.

நம் உடம்புக்கு வருவோம், அங்கேதான் நெருடல். குயிலலகு, அதாவது முதுகெலும்பின் கடைசி நுனி, வாலின் எச்சம் என்கிறது உயிரியல். மனிதக் கருவிலும் சில வாரங்களுக்கு வால் இருந்து மறைகிறது. ஆனால் அந்த நுனி எலும்பைப் பற்றி நமக்கு ஒரு ஹதீஸும் இருக்கிறது: மனிதனில் எல்லாம் மண்ணோடு மண்ணாகிப் போக, அது மட்டும் எஞ்சும், மறுமையில் அதிலிருந்தே அவன் மீண்டும் எழுப்பப்படுவான் என்று. இதை வைத்து, விஞ்ஞானம் தோற்றது என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. ஹதீஸ் பேசுவது மறுமையை. உயிரியல் பேசுவது, இடுப்படித் தசைகள் பொருந்துகிற அந்த எலும்பு எங்கிருந்து வந்தது என்பதை. ஒன்று மற்றதற்கு மறுப்பல்ல, சான்றுமல்ல. மறுமை நாளை ஆய்வுகூடத்தில் நிரூபிக்கப் போகிறவர், நாளைக்கு ஆய்வுகூடம் வேறு பதில் சொன்னால் ஈமானை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

நம்பிக்கையையும் விஞ்ஞானத்தையும் மோதவிட வேண்டியதில்லை என்பது புதிதாக நான் சொல்வதுமல்ல. திரிப்போலியைச் சேர்ந்த ஹுசைன் அல்-ஜிஸ்ர் என்ற ஆலிம், 1888 இல் உஸ்மானிய சுல்தான் அப்துல் ஹமீதின் பெயரால் எழுதிய நூலில், உயிரினங்கள் ஒரே தடவையில் படைக்கப்பட்டனவா, படிப்படியாகவா என்பதைக் குர்ஆன் அறுதியிட்டுச் சொல்லவில்லை, உறுதியான சான்று வந்தால் அதற்கிணங்க விளக்கம் சொல்லலாம் என்றார். மனிதனின் விஷயத்தில் மட்டும் அவர் தயங்கினார். ஆதம் (அலை) அவர்களின் படைப்பு இருக்கிறதே. இன்றும் ஆலிம்கள் பலர் நிற்கிற இடம் அதுதான். ஜோர்தானின் ராணா தஜானி என்ற விஞ்ஞானி, தன் முஸ்லிம் மாணவர்களுக்கு மனிதக் கூர்ப்பையும் சேர்த்தே நடத்துவதாக 2015 இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார். ஏற்பதும் மறுப்பதும் மாணவரின் முடிவு, ஆனால் காரணம் தெரிந்து மறுக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

அந்தப் பிள்ளை பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாலமுனையிலிருந்து வடக்கே ஒலுவிலுக்கு எத்தனை தூரம்? தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழிப் பீடம் அங்கே இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். இரண்டு பீடத்து ஆசிரியர்களையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, நடுவில் ஓர் ஓங்கிலின் இடுப்பெலும்பை வைத்துப் பேசச் சொன்னால், நான் முன்வரிசையில் இடம்பிடித்துவிடுவேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட வேண்டும். கேள்வி அவர்களுடையது.