அளவறிந்து உண்போம்

புலால் மறுத்த இல்லத்தை உயர் இரத்த அழுத்தம் அணுகாது என்று நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். ஊறுகாயிலும் அப்பளத்திலும் மோர்மிளகாயிலும் மறைந்து வரும் உப்பை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்; அஃது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு.

இந்நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. உணரும்போது இதயமோ மூளையோ சிறுநீரகமோ தாக்குண்டிருக்கும். ஆதலின் இளமையிலேயே ஆண்டுக்கொருமுறை அளந்தறிதல் நன்று. அளவு பலமுறை 140/90ஐ எட்டினால், மருத்துவர் சொற்படி மருந்துண்ண வேண்டும். அளவு இறங்கியதும் தாமே நிறுத்தலாகாது.

கதிர் மறையுமுன் உண்டோர்க்கு மாலைப்பொழுது மிகும். ஊர்திகளற்ற நம் கடற்கரைச் சாலையில் அரைமணி நடக்கலாம். துய்ப்பனவற்றுக்கு எல்லை வகுத்தல் இல்லறத்தார் விரதங்களுள் ஒன்று. அவ்வெல்லைக்குள் உப்பும் அடங்குக.