புடவை விழுந்தா அடிபடுமா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம்.

'அமர்ந்திருக்கும்'னு சொன்னேன் பாருங்க, அந்த வார்த்தையோட அருமை எனக்குத் தெரியும் ஐயா. 11 வருஷம் ஒரு துணிக்கடையில சேல்ஸ் கேர்ளா நின்னவ நான்.

வேலை செய்யும் இடத்தில் பெரிய ஆபத்து, கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தா, தெரியாத ஆபத்தா என்பது தலைப்பு. எதிரணி அண்ணன் சிவகாசியைச் சொன்னார். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்களே, அதைவிடவா என்று கேட்டார். எனக்கும் கண் கலங்கியது. அடுத்து என் பக்கம் திரும்பி, "துணிக்கடையில என்னம்மா ஆபத்து? புடவை மேல விழுந்தா அடிபடுமா?"ன்னார். எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். (சிரிப்பு)

அண்ணே, புடவை விழுந்தா அடிபடாது. ஆனா காலையில ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிக்கணும். கூட்டமே இல்லாட்டியும் உட்காரக் கூடாது. பாத்ரூம் போகப் பர்மிஷன் கேட்கணுமேன்னு தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்குவோம். எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. கெண்டைக்காலில் நரம்பு நீலமாச் சுருண்டு புடைச்சது. டாக்டர் 'வெரிகோஸ் வெயின்' என்றார். நடந்தால் கெண்டைச் சதை ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும் என்று விளக்கினார். கடையில வந்து சொன்னேன். "வயசாச்சு இல்ல?"ன்னாங்க. அப்போ எனக்கு வயசு 32 ஐயா! (கைதட்டல்)

தெரியாத ஆபத்து இந்த மாதிரி பேச்சுக்குள்ளதான் ஒளிஞ்சுக்குது. கல் உடைக்கிறவர் இருமினால், "பீடி குடிச்சிருப்பார்" என்கிறோம். கல்தூசியிலுள்ள சிலிக்கா அவர் நுரையீரலைத் தழும்பாக்கி இருக்கும். சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்தில்லை. தண்ணீர் விட்டு அறுத்தாலே தூசி பெருமளவு அடங்கும். உப்பளத்து அம்மாவுக்கு வெள்ளை உப்பின் வெளிச்சத்தில் கண் கூசுது, உப்புத் தண்ணியில கால் வெடிக்குது. "உப்பளம்னா அப்படித்தான்" என்கிறோம்.

பட்டாசு வெடிச்சா பேப்பர்ல வரும், விசாரணை வரும், நிவாரணம் வரும். எங்க கால் நரம்பு புடைச்சா என்ன வரும்? மருந்துச் சீட்டுதான் வரும்! (கைதட்டல்)

கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி, கடைப் பெண்களைத் திரட்டிப் போராடினார். 2018-ல் கேரளாவிலும், 2021-ல் நம்ம தமிழ்நாட்டிலும் கடை ஊழியருக்கு இருக்கை தரணும்னு சட்டம் வந்தது. ஒரு ஸ்டூலுக்கு ஒரு சட்டம் ஐயா!

என் தங்கச்சி மக போன மாசம் ஒரு கடையில சேர்ந்தா. "ஸ்டூல் இருக்காடி?"ன்னேன். "இருக்கு பெரியம்மா. ஆனா உட்கார்ந்தா கஸ்டமர் முறைக்கிறாங்க"ன்னா.

சட்டம் ஸ்டூலைத்தான் போடும். உட்கார வைக்க வேண்டியது நாமதான். அடுத்த முறை துணி எடுக்கப் போனா, "எழுந்திருக்காதே தாயி, உட்கார்ந்துகிட்டே காட்டு"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் கால் போன வலி, அந்தப் பொண்ணுக்கு வராமப் போகட்டும்.

(பலத்த கைதட்டல்)