உள்ளிருந்து திறக்கும் கதவு

சிலாபம், மாரவில பக்கத்துத் தும்பாலைகளில் ஒரு தீப்பொறி போதும், காய்ந்த தும்பு சட்டென்று பற்றிக்கொள்ளும். அங்கே ஆலையை நடத்துபவரின் முதற்கடமை கதவில்தான் தொடங்குகிறது. ஆள் உள்ளே இருக்கும்வரை வெளியேறும் கதவு உள்ளிருந்து எளிதில் திறக்கவேண்டும் என்கிறது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம். "பூட்டாவிட்டால் களவு போகுமே" என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால், வெளியாளைத் தடுக்கும் பூட்டுக்குச் சட்டத்தில் தடையில்லை. உள்ளிருப்பவர் உடனே திறக்கமுடிந்தால் போதும். திறக்கமுடியாவிட்டால் என்ன ஆகும்? 2012 செப்டம்பர் 11இல் கராச்சி ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ வைக்கப்பட்டது என்று நீதிமன்றம் பின்னர் முடிவு செய்தது. இருந்தும், பூட்டிய கதவுகளும் கம்பியிட்ட யன்னல்களுமே பலரை வெளியேறவிடவில்லை. 110ஐ அழைத்தால் தீயணைப்பு வண்டி வருமே என்பதும் பதிலாகாது. புகை அதற்கு முந்திவிடும். கதவை மறித்துத் தும்புக் கட்டுகளை அடுக்குவதும் பூட்டுப் போடுவதற்குச் சமம். அவற்றை நகர்த்த எந்த அனுமதிப்பத்திரமும் தேவையில்லை!