‘ஹோஸ்பிஸ்’ என்றதும் ஏன் இந்த அச்சம்?

“அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், டாக்டர்.” சிங்கப்பூரில் நம் குடும்பங்கள் பல விடுக்கும் வேண்டுகோள் இது. நோயைக் குணப்படுத்த இனி வழியில்லை, ஹோஸ்பிஸ் எனப்படும் அந்திமகாலப் பராமரிப்பை யோசியுங்கள் என்று மருத்துவர் சொன்னதும் பிள்ளைகள் பதறிவிடுகிறார்கள். பெற்றவரைச் சாகக் கொண்டுபோய் விடுவதா, சொந்தபந்தம் என்ன சொல்லும் என்ற கவலை. அப்பாவுக்கோ பெரும்பாலும் எல்லாம் தெரிந்திருக்கும். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் தெரியாததுபோல் இருப்பார்.

இந்தப் பராமரிப்பின் இன்றைய வடிவத்துக்கு அடித்தளமிட்டவர் சிசிலி சாண்டர்ஸ். தாதியாகவும் பின்னர் சமூக ஊழியராகவும் பணியாற்றியவர். 1948ல் லண்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த போலந்து அகதி ஒருவருக்கு அவர் துணையாக இருந்தார். அந்த அகதி விட்டுச் சென்ற 500 பவுண்டுதான் முதல் நன்கொடை. வலி தீர்க்கும் வழியைத் தேடியே மருத்துவம் படித்த சாண்டர்ஸ், 1967ல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். 2005ல் அவர் உயிர் பிரிந்ததும் அங்கேதான்.

வலி பொறுக்க முடியாமல் போகும்வரை காத்திருக்கக் கூடாது, அது தலைதூக்குமுன் குறித்த நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டும் என்பது அவரது முறை. மார்ஃபின் என்றாலே பலர் நடுங்குகிறார்கள். அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார் என்று நினைக்கிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில் சரியான அளவில் கொடுத்தால் அந்த அச்சம் வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு. வலி அடங்கியவர் இரண்டு வாய் கஞ்சி குடிப்பார், பேரப்பிள்ளையிடம் பேசுவார், இரவில் தூங்குவார். பக்கத்தில் இருப்பவர்களும் தூங்குவார்கள்.

சிங்கப்பூரில் 1985ல் புனித ஜோசப் இல்லத்தில் 16 படுக்கைகளுடன் இது தொடங்கியது. அதனால்தானோ என்னவோ, ஹோஸ்பிஸ் என்றால் ஒரு கட்டடம் என்றே பலர் எண்ணுகிறார்கள். வீவக வீட்டுக்கே தாதியும் மருத்துவரும் வருவார்கள். வலி மருந்து எப்போது, எவ்வளவு, படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று மனைவிக்கோ மகளுக்கோ கற்றுத் தருவார்கள். மலேசியாவில் 1991ல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, வீடு தேடி வரும் இந்தச் சேவைக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

கடைசி இரண்டு மூன்று நாளில் அழைத்தால் இவற்றில் பாதியைக்கூடச் செய்ய இயலாது. மாதக்கணக்கில் வாழ்வு மீதமிருக்கும்போதே அழைக்கலாம்.

இறப்புக்குப் பிறகும் சமூக ஊழியர் குடும்பத்தை விசாரிப்பார். அப்பாவிடம் சொல்லாமல் விட்ட பேச்செல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் வெளியே வருகிறது.