குடல் அழற்சி நோயில் செவிலியப் பேணலும் அதன் பொருளாதாரமும்

(பயிற்சி அலுவலர்களும் முதுநிலை மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

இரைப்பை, குடல் அழற்சியால் துன்புறும் நோயாளியைப் பேணுவது எவ்வாறு என்னும் பொருள் மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கிவிடுவதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஒதுக்கீடு, செலவினம், இலக்கு ஆகியவற்றோடு பழகிய அலுவலர்களுக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கவும் கூடும். தொடர்பு உண்டு. இந்நோய்க்குரிய முதன்மை மருந்து மிக மலிவானது. அதை நோயாளியின் வயிற்றில் சேர்ப்பிக்கும் உழைப்போ மலிவானதன்று. முன்னதற்குக் கணக்கேட்டில் இடம் இருக்கிறது, பின்னதற்கு இல்லை. இவ்வேறுபாட்டை உணர்த்த, 1971-ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்தில் நிகழ்ந்ததைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அவ்வாண்டு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோர நகரமான போங்காவைச் சுற்றி மட்டும் மூன்றரை இலட்சம் பேர் வரை தங்கியிருந்தனர். மழைக்காலம், தூய குடிநீர் இல்லை, காலரா பரவியது. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, பயிற்சி மையத்தில் பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஜூன் இறுதியில் அங்குச் சென்றார். (இந்தியத் திட்டமிடல் வரலாற்றில் பெயர்பெற்ற புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வேறு, இவர் வேறு.) அங்கிருந்த மருத்துவமனையின் இரண்டு அறைகளில் நோயாளிகள் தரையிலேயே கிடந்தனர். சிரைவழி உவர்நீர் ஏற்றுவதற்கு மருத்துவர் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டு அமர வேண்டியிருந்தது. இரண்டே நாள்களில் உவர்நீர்க் கையிருப்பு போதாதென்பது தெளிவாயிற்று. அதைவிடப் பெரிய தட்டுப்பாடு ஒன்றும் இருந்தது. அக்குழுவில் சிரைவழி நீர் ஏற்றப் பயிற்சி பெற்றிருந்தவர்கள் இருவரே. புட்டிகள் மலைபோல் குவிந்திருந்தாலும் அவற்றை ஏற்றும் கைகள் நான்கு மட்டுமே.

மாற்று வழி அறிவியலுக்குப் புதியதன்று. காலராக் கிருமியின் நஞ்சு குடலிலிருந்து நீரையும் உப்பையும் வெளியே தள்ளுகிறது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் இழப்பு நேரலாம். எனினும் குளுக்கோஸை உறிஞ்சும் ஆற்றலைக் குடல் இழப்பதில்லை. குளுக்கோஸ் உட்செல்லும்போது சோடியமும் உடன் செல்கிறது; அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. 1953-இலேயே கல்கத்தாவின் டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி வாய்வழிக் கரைசலால் காலரா நோயாளிகளைக் குணப்படுத்தியதை வெளியிட்டிருந்தார். 1968-இல் டாக்காவில் நடந்த ஆய்வு, இம்முறையால் சிரைவழி நீரின் தேவை ஐந்தில் நான்கு பங்கு குறையும் என்று காட்டியது. ஆனால் அவையெல்லாம் மருத்துவர் கண்காணிப்பில், அளவுகள் குறிக்கப்பட்டு நடந்த சிகிச்சைகள். முகாமின் குழப்பத்தில், எழுதப் படிக்கத் தெரியாத உறவினர் கையில் அதை ஒப்படைக்கலாமா என்பதே தீர்க்கப்படாத கேள்வி.

மகலனாபிஸ் ஒப்படைத்தார். வேறு வழியும் இருக்கவில்லை. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்னும் கணக்கில் கல்கத்தா மையத்தின் நூலக அறையில் பொருள்கள் நிறுக்கப்பட்டு, பாலிதீன் பைகளில் அடைக்கப்பட்டுப் போங்காவுக்கு அனுப்பப்பட்டன. அங்கு அவை பீப்பாய்களில் கரைக்கப்பட்டன. தாயோ, கணவனோ, அண்ணனோ குவளையில் பிடித்துச் சென்று நோயாளிக்குப் புகட்டினர். ஊசி இல்லாத சிகிச்சையில் முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை; 'வாய்வழி உவர்நீர்' என்று பெயரிட்டு அவர்களை இணங்கச் செய்ய வேண்டியிருந்தது. கரைசலின் செலவு லிட்டருக்குப் பதினொரு காசு. முகாம்களில் 30 விழுக்காடு வரை சென்றிருந்த இறப்பு, ஏறத்தாழ எட்டு வாரங்களில் சிகிச்சை பெற்ற 3,700-க்கும் மேற்பட்டோரிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. 2022-இல் மறைந்த அவருக்கு 2023-இல் பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைப் பதினொரு காசின் வெற்றியாக மட்டும் எடுத்துரைப்பது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மையே. பதினொரு காசு என்பது பொருளின் விலை. குவளையோடு இரவெல்லாம் விழித்திருந்தவர்களின் உழைப்பு அதில் சேர்க்கப்படவில்லை. அக்கணக்கை இன்றைய மருத்துவ நெறியைக் கொண்டே போட்டுப் பார்க்கலாம். ஓரளவு நீரிழப்புக்கு உள்ளான குழந்தைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 75 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் கரைசல் கொடுக்க வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 750 மில்லிலிட்டர். ஐந்து மில்லிலிட்டர் பிடிக்கும் தேக்கரண்டியால் புகட்டினால் 150 கரண்டி. அதாவது, ஒன்றரை நிமிடத்திற்கு ஒரு கரண்டி. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும். முப்பது நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு செவிலியர் இதை ஒரு குழந்தைக்குக்கூடத் தாமே முழுமையாகச் செய்ய இயலாது. தாயின் கைதான் அதைச் செய்ய முடியும். அத்தாய் அன்றாடக் கூலிக்குச் செல்பவராயின், இலவசப் பொட்டலத்தின் உண்மை விலை அவருடைய ஒரு நாள் கூலி.

ஆகவே செவிலியரின் பணி கரைசல் புகட்டுவதோடு முடிவதில்லை. புகட்டுபவரைப் பயிற்றுவதும், புகட்டுவதன் பயனைக் கண்காணிப்பதும் அவர் கடமை. நோயாளி வந்தவுடன் நோக்க வேண்டியவை சில: கண்கள் குழிவிழுந்துள்ளனவா; வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமநிலை அடைகிறதா; குழந்தை தாகத்தோடு ஆவலாய்க் குடிக்கிறதா, அன்றிக் குடிக்கவும் வலுவின்றிச் சோர்ந்து கிடக்கிறதா. சோர்ந்து கிடக்கும் நோயாளிக்கு வாய்வழிக் கரைசலை நம்பிக் காலந்தாழ்த்துவது பெரும் பிழை. அங்குச் சிரைவழி நீரே உயிர் காக்கும். அதிலும் நாடித்துடிப்பையும் மூச்சையும் அடிக்கடி பார்த்தல் இன்றியமையாதது. முதியோருக்கு நீர் விரைந்து ஏறினால் மூச்சுத்திணறல் உண்டாகும். எவ்வளவு மலம், எவ்வளவு வாந்தி, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்பவை குறிக்கப்பட வேண்டும். காலரா வார்டுகளில் நடுவே துளையிட்ட கட்டிலும் அடியில் அளவு குறித்த வாளியும் வைப்பது இதன்பொருட்டே. காண்பதற்கு அருவருப்பான அவ்வாளியே அவ்வார்டின் பேரேடு. வெளியேறியது எவ்வளவோ அவ்வளவும் திரும்ப உள்ளே செல்ல வேண்டும். கண்ணிமைகள் வீங்கத் தொடங்கினால் நீர் மிகுந்துவிட்டது என்று பொருள். அப்போது கரைசலை நிறுத்தி, வெறும் நீரோ தாய்ப்பாலோ கொடுப்பது முறை.

இடைவிடாத போக்கினால் புண்படும் தோலைக் கழுவி உலர்த்துவது, நனைந்த விரிப்பை மாற்றுவது, கழிவைப் பிளீச்சிங் பவுடர் இட்டு அகற்றுவது, ஒருவரைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் அடுத்தவரைத் தொடாதிருப்பது ஆகியவற்றை எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. வார்டிலிருந்து நோய் வீட்டுக்குச் செல்வதும் செல்லாததும் இவற்றைப் பொறுத்தது.

வயிற்றைப் பட்டினி போட்டால் போக்கு நிற்கும் என்னும் எண்ணம் படித்தவரிடையேயும் நிலவுகிறது. போக்கு நிற்பதுபோலத் தோன்றலாம், குழந்தை மெலியும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வழக்கமான மென்மையான உணவு தொடர வேண்டும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் 10 முதல் 14 நாள்கள் வரை கொடுக்கப்படுகிறது. அதற்குக் குறைந்த வயதினருக்கு 10 மில்லிகிராம். சாதாரண நீர்ப்போக்கில் பெரும்பாலானவற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவையில்லை. மலத்தில் இரத்தம் காணப்பட்டால் நிலைமை வேறு; மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

தேசியக் குடும்ப நல ஆய்வுகள் காட்டும் போக்கு ஊக்கமளிப்பதே. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் ஓ.ஆர்.எஸ். கரைசல் பெற்றவர்கள் 2005-06-இல் 26 விழுக்காடு, 2015-16-இல் 50.6, 2019-21-இல் 60.6. துத்தநாகம் பெற்றவர்களோ கடைசி ஆய்விலும் 30.5 விழுக்காடே. ஆயினும் 'பெற்றவர்' என்னும் சொல்லை எச்சரிக்கையோடு வாசித்தல் வேண்டும். கரைசல் ஒருமுறை கொடுக்கப்பட்டதா, நான்கு மணி நேரம் கொடுக்கப்பட்டதா என்பதை அவ்வெண் சொல்லாது.

பொட்டலத்தின் கலவை இன்று போங்காவில் பயன்பட்டதன்று. பொட்டாசியமும் சிட்ரேட்டும் சேர்ந்து, உப்பும் குளுக்கோஸும் குறைக்கப்பட்ட 20.5 கிராம் கலவையை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். அந்த ஒரு லிட்டரில்தான் இடர் இருக்கிறது. பல இல்லங்களில் லிட்டர் அளவைக்கு ஏற்ற பாத்திரம் இல்லை. ஒரு குவளை நீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்கு நேரும். இரு மடங்கு நீரில் கரைத்தால் பயன் குறையும். ஒரு லிட்டர் குடிநீர்ப் புட்டியைக் காட்டி, தாயைக் கொண்டே ஒருமுறை கரைக்கச் செய்வதற்கு ஐந்து நிமிடம் போதும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். சர்க்கரை மிகுந்த பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்னும் பெயர் தாங்கிக் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. அப்பெயரைப் பானங்களுக்கு இடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. அதுவரை ஏமாந்தவர்கள் பலரும் பொட்டலத்தைக் கண்ணால் கண்டிராதவர்கள் அல்லர். அதை எவ்வாறு பயன்படுத்துவது என்று எவரும் உட்காரவைத்துச் சொல்லாதவர்கள்.

மாவட்ட அளவில் ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் பொதுவாகக் கையிருப்புப் பதிவேட்டைக் கேட்கிறார்: வந்த பொட்டலம் இத்தனை, வழங்கியது இத்தனை, மீதி இத்தனை. இரண்டும் ஒத்திருந்தால் கையொப்பமிட்டுத் திரும்புகிறார். அப்பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, வயிற்றுப்போக்குக் குழந்தைகளோடு தாய்மார் அமரும் மூலைக்குச் சென்று பார்த்தல் நலம். அங்கு லிட்டர் குறியிட்ட பாத்திரம் உண்டா, கரண்டி உண்டா, நான்கு மணி நேரம் ஒரு பெண் அமர்ந்திருக்க விசிப்பலகையும் நிழலும் உண்டா, இரவுப் பணியில் எத்தனை செவிலியர், வாளியின் அளவைக் கடைசியாகக் குறித்தது எத்தனை மணிக்கு. இவ்வினாக்களுக்கு விடை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லையெனில், ஒரு கட்டத்தை வரைந்துகொள்வதற்கு எவருடைய முன் அனுமதியும் வேண்டியதில்லை.