நார்வே மொழியின் கூட்டுச்சொற்கள்

சொற்கள் புணரும் அழகைச் சுவைத்தறிந்த தமிழ்க் கவிஞர்க்கு நார்வே மொழியின் கூட்டுச்சொற்கள் அயலாகத் தோன்றா.

அம்மொழியில் 'நட்' என்பது இரவு. 'டோக்' என்பது தொடர்வண்டி. இரண்டும் கூடி 'நட்டோக்' என இரவுத் தொடர்வண்டியைக் குறிக்கும். நிலைமொழியின் ஈற்றில் 'டி' என்னும் உரோம எழுத்து இரண்டு. வருமொழியின் முதலில் ஒன்று. சேர்த்தெழுதுங்கால் மூன்றில் ஒன்று மறையும். வரியின் இறுதியில் இடமின்றிச் சொல்லைப் பிரிக்க நேரின், மறைந்த எழுத்து மீண்டு வந்து நிற்கும். சொற்களின் பொருளெல்லை அங்கே காக்கப்படுகிறது.

சாரியை போல இடையில் ஓரெழுத்துத் தோன்றுவதும் உண்டு. 'பார்ன்' குழந்தை, 'ஹாகெ' தோட்டம். 'பார்னெஹாகெ' என்றால் மழலையர் பள்ளி. இடையில் வந்த எகரம், பிரிக்குங்கால் முன்சொல்லோடு நிற்கும்.

ஒலிப்பில் கூட்டுச்சொல் ஒரே சொல்லாய் இயங்கும். பெரும்பாலும் முதற்சொல்லே தலைமை அழுத்தம் பெறும். 'ரொய்க்ஃபிரிட்' எனச் சேர்த்தெழுதினால் 'புகையற்றது' என்பது பொருள். நடுவே இடைவெளி விட்டாலோ, 'தடையின்றிப் புகைபிடி' என ஏவலாகிவிடும்! எழுதும் கை இங்கே தவறக்கூடும். பேசும் நா எளிதில் தவறாது. பிரிந்து நிற்கும்போது இரு சொற்களும் தனித்தனி அழுத்தம் பெறுதலே காரணம்.

சீர் நோக்கிச் சொல்லைப் பிளக்கும் வகையுளியால் பொருள் சிதையும் இடங்களைத் தமிழ்க் கவிஞர் அறிவர். வடபுல மொழியும் அதனையே உணர்த்துகிறது: வாய்விட்டுப் படித்து, செவியைக் கேட்ட பின்னரே சொல்லைப் பிரித்தல் வேண்டும்.