கணினியைச் சுத்தம் செய்வதா, பணப்பையைச் சுத்தம் செய்வதா?



இன்றைய அரங்கத்தின் தலைப்பு, கணினி உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தொடர்புடையது. வாங்கிய புதிதில் விசையைத் தட்டியதும் விழித்துக்கொண்ட கணினி, நான்கைந்து ஆண்டுகள் ஆனதும் சோம்பல் முறிக்கத் தொடங்குகிறது. காலையில் அதை முடுக்கிவிட்டு, சமையலறைக்குப் போய்த் தேநீர் கலக்கிக் குடித்துவிட்டு வந்தாலும் திரை இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்க்கிறது. "உங்கள் கணினியில் 1,200 பிழைகள் உள்ளன. உடனே சரிசெய்ய இங்கே அழுத்துங்கள்" என்கிறது. அழுத்தினால் அடுத்து அது கேட்பது கடன்பற்று அட்டையின் எண்ணை!

இங்கேதான் பலர் தடுமாறிப் போகிறார்கள். கணினிக்குள் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பாடங்கள் இருக்கின்றன. கல்யாணப் படங்கள் இருக்கின்றன. கடைக்கணக்கு இருக்கிறது. வங்கிக் கணக்கைத் திறக்கும் வழியும் அதில்தான் இருக்கிறது. எல்லாம் போய்விடுமோ என்ற பயத்தில் கை தானாக அந்தப் பெட்டியை அழுத்திவிடுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. கணினி ஏன் மெதுவாகிறது?

காரணங்கள் பெரும்பாலும் ஐந்தே ஐந்துதான். ஒன்று, கணினி விழிக்கும்போதே கூடவே விழித்துக்கொள்ளும் மென்பொருள்கள். புதிதாக எதை நிறுவினாலும் அது தன்னைத் தொடக்கப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. இப்படி இருபது சேர்ந்துவிட்டால் கணினி எழுந்து நிற்பதற்குள் களைத்துப் போகிறது. இரண்டு, ரேம் என்ற தற்காலிக நினைவகம் போதாமை. மூன்று, வன்தட்டு நிரம்பி வழிவது. நான்கு, வன்தட்டே பழைய சுழலும் வகையாக இருப்பது. ஐந்து, உள்ளே தூசி அடைந்து சூடேறுவது. சூடு கூடினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இவை தவிர, கேட்காமல் வந்து குடியேறிய வேண்டாத மென்பொருள்களும் உண்டு.

இந்த ஐந்தில் எத்தனையை ஒரு துப்புரவு மென்பொருள் தீர்த்துவைக்கும்? தொடக்கப் பட்டியலைக் குறைக்கலாம், வன்தட்டில் கொஞ்சம் இடம் ஏற்படுத்தலாம். அவ்வளவுதான். ரேமைக் கூட்ட முடியாது, பழைய வன்தட்டைப் புதிதாக்க முடியாது, தூசியை ஊத முடியாது. செய்யக்கூடிய அந்த இரண்டு வேலைகளுக்கும் விண்டோஸிலேயே காசு வாங்காத கருவிகள் இருக்கின்றன.

இந்தத் துறை தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததா என்றால், இல்லை. 1982-ஆம் ஆண்டில் பீட்டர் நார்ட்டன் என்பவர் நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார். தவறுதலாக அழித்துவிட்ட கோப்பை மீட்டுக் கொடுப்பதுதான் அதன் பெரிய சாதனை. அன்றைய கணினிகளில் அந்த வசதி இல்லை. ஆகவே, மக்களுக்கு உண்மையாகத் தேவைப்பட்ட பொருளை அவர் விற்றார். சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்தும் கருவிகளும் அந்தக் காலத்தில் பயன்பட்டன. 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் ஆறாம் பதிப்பில் மைக்ரோசாப்ட் நிறுவனமே அத்தகைய கருவியைச் சேர்த்துக் கொடுத்தது. விண்டோஸ் 98-இல் வட்டைத் துப்புரவு செய்யும் கருவியும் வந்து சேர்ந்தது.

இயங்குதளமே இந்த வேலைகளைச் செய்யத் தொடங்கியதும், தனியாக விற்பவர்களுக்குச் சரக்கு குறைந்தது. சிலர் நல்ல சரக்கைத் தேடினார்கள். சிலர் பயத்தையே சரக்காக்கினார்கள்.

1995-இல் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் சாப்ட்ரேம் 95 என்ற மென்பொருள் விற்பனைக்கு வந்தது. இதை நிறுவினால் போதும், கணினியின் ரேம் இரட்டிப்பாகிவிடும் என்று விளம்பரம் செய்தார்கள். ரேம் விலை எக்கச்சக்கமாக இருந்த காலம் அது. லட்சக்கணக்கில் விற்றது. வல்லுநர்கள் பிரித்துப் பார்த்தபோதுதான், சொன்ன வேலை எதையும் அது செய்யவில்லை என்பது தெரிந்தது. 1996-இல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் தலையிட்டு அந்த விளம்பரங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அதோடு கதை முடிந்ததா? முடியவில்லை. வின்பிக்சர், எரர்சேப், டிரைவ்கிளீனர் என்று பல பெயர்களில் போலிப் பரிசோதனை செய்து, இல்லாத வைரஸைக் காட்டிப் பணம் பறித்த ஒரு கூட்டத்தை 2008 டிசம்பரில் அதே ஆணையம் நீதிமன்றத்தின் வழி தடுத்து நிறுத்தியது. ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

பெயர் தெரியாத கூட்டம்தான் இப்படிச் செய்யும், பெரிய கடைகள் செய்யாது என்று யாராவது நினைத்தால், 2019 மார்ச் மாதச் செய்தி அவர்களுக்குத்தான். ஆபீஸ் டிப்போ என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கடைத்தொடர், வாடிக்கையாளர்களின் கணினியை இலவசமாகப் பரிசோதித்துக் கொடுத்தது. பரிசோதனையின் தொடக்கத்தில் கடை ஊழியர் நான்கு கேள்விகள் கேட்பார். கணினி மெதுவாக ஓடுகிறதா? வைரஸ் எச்சரிக்கை வந்ததா? அடிக்கடி நின்றுபோகிறதா? வேண்டாத விளம்பரங்கள் வருகின்றனவா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று குறியிட்டாலே போதும். கணினிக்குள் என்ன இருந்தாலும் சரி, தீய மென்பொருளின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும். அப்புறம் என்ன, நூற்றுக்கணக்கான டாலர் செலவில் பழுதுபார்க்கும் சேவையை வாங்கச் சொல்வார்கள். ஆணையத்தின் நடவடிக்கைக்குப் பிறகு அந்த நிறுவனம் 25 மில்லியன் டாலரும், மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனம் 10 மில்லியன் டாலரும் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டன.

மருத்துவர் கையை நீட்டச் சொல்லி நாடி பார்க்கிறார். நாடியைப் பார்க்காமலே, "உடம்பு அசதியா?" என்று கேட்டு, 'ஆம்' என்றதும் அறுவைச் சிகிச்சைக்குச் சீட்டு எழுதினால் எப்படி இருக்கும்? அங்கே நடந்தது அதுதான்.

2024 மார்ச்சில் சைப்ரஸ் நாட்டைச் சேர்ந்த ரெஸ்டோரோ, ரீஇமேஜ் ஆகிய இரண்டு நிறுவனங்கள் 26 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. மைக்ரோசாப்டின் எச்சரிக்கைபோல் தோன்றும் பெட்டிகளைக் காட்டி, மென்பொருளை விற்று, பிறகு தொலைபேசியிலும் பேசி மேலும் பணம் கறந்தார்கள் என்பது அவற்றின் மீதான குற்றச்சாட்டு. 2025-இல் அந்தப் பணத்தை ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏழு லட்சம் பேர் என்றால், ஏமாந்தவர்கள் எல்லாரும் படிக்காதவர்களாக இருக்க முடியுமா? பயம் படிப்பைப் பார்த்து வருவதில்லை.

அந்த '1,200 பிழைகள்' எங்கிருந்து வருகின்றன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி என்றொரு பதிவேடு உண்டு. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எந்தக் கோப்பை எது திறக்க வேண்டும் என்பன போன்ற குறிப்புகள் லட்சக்கணக்கில் அதில் இருக்கும். ஒரு மென்பொருளை நீக்கிய பிறகும் அதன் சில குறிப்புகள் தங்கிவிடும். இவற்றை ஒவ்வொன்றாக எண்ணி 'பிழை' என்று பெயர் சூட்டினால், நேற்று வாங்கிய கணினியிலும் நூற்றுக்கணக்கில் காட்டலாம். லட்சம் பக்கப் புத்தகத்தில் பத்து வரி அதிகமாக இருந்தால் புத்தகம் கனத்துவிடுமா? ஆனால், தவறான வரியைக் கிழித்துவிட்டால் கதை புரியாமல் போகும். தேவையான குறிப்பு அழிந்தால் ஒரு மென்பொருள் திறக்காது, சில சமயம் விண்டோஸே எழாது. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாப்ட் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

'ரேமைக் காலி செய்கிறேன்' என்று சொல்லும் கருவிகளும் அப்படித்தான். சும்மா கிடக்கும் ரேமில், அடுத்துத் தேவைப்படக்கூடியவற்றை விண்டோஸ் முன்கூட்டியே எடுத்து வைக்கிறது. அதைக் காலி செய்தால், மறுபடி வன்தட்டிலிருந்து எடுத்து வர வேண்டும். வேகம் கூடாது, குறையும். இணைய உலாவி சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகளைத் தினமும் அழித்தாலும் இதே கதைதான்.

அப்படியானால் நல்ல துப்புரவு மென்பொருளே கிடையாதா? உண்டு. 2003-இல் வெளிவந்த சிகிளீனர் அப்படிப் பெயர் வாங்கிய ஒன்று. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் இலவசமாகப் பயன்படுத்தினார்கள். ஆனால், 2017-இல் அதற்கும் ஒரு சோதனை வந்தது. அதைத் தயாரித்த பிரிபார்ம் நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஊடுருவிய திருடர்கள், 2017 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வெளியான 5.33 பதிப்புக்குள் இரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார்கள். நிறுவனத்தின் முறையான மின்னியல் கையொப்பத்தோடு, அதன் சொந்த இணையத்தளத்திலிருந்தே அது இறங்கியது. செப்டம்பர் 18-ஆம் தேதி விஷயம் வெளியாவதற்குள் சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் பேரின் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. திருடர்கள் குறிவைத்தது பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களை என்பதால் வீட்டுக் கணினிகள் தப்பின. அந்தக் கதவும் அடைக்கப்பட்டது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று. துப்புரவு மென்பொருள் வேலை செய்ய வேண்டுமானால், வீட்டின் எல்லா அறைச் சாவிகளையும் அதனிடம் கொடுக்க வேண்டும். நல்லவரிடம் கொடுத்த சாவியும் கைமாறிப் போகலாம். தேவையில்லாத இடத்தில் எதற்குச் சாவி கொடுக்க வேண்டும்?

பயமுறுத்தி விற்பதைத் தடுக்க மைக்ரோசாப்டும் ஒரு கோடு கிழித்திருக்கிறது. இலவசமாகப் பரிசோதித்து, மிரட்டும் வாசகங்களைக் காட்டி, பணம் கொடுத்தால்தான் சரிசெய்வேன் என்று சொல்லும் மென்பொருள்களை, வேண்டாத மென்பொருள்களாகக் கருதி விண்டோஸ் டிபெண்டர் நீக்கும் என்ற விதி 2018 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது.

சரி, மெதுவாக ஓடும் கணினியை வைத்திருப்பவர் என்னதான் செய்வது? செலவில்லாத வழிகளை வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் வேலை, முக்கியமான படங்களையும் கோப்புகளையும் வெளி வன்தட்டில் நகல் எடுத்து வைப்பது. இதைச் செய்யாமல் வேறு எதிலும் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறப்பது. தொடக்கப் பட்டியலில் தேவையற்றவற்றை நிறுத்திவிடலாம். வைரஸ் தடுப்பை மட்டும் நிறுத்தக் கூடாது. எது ரேமை விழுங்குகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, பயன்படுத்தாத மென்பொருள்களை முறைப்படி நீக்குவது. நான்காவது, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் அமைப்புப் பகுதியில் இருக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் வசதியை இயக்குவது. தற்காலிகக் கோப்புகளை அது தானாகவே அப்புறப்படுத்தும். டவுன்லோட்ஸ் கோப்புறையை அழிக்கச் சொல்லும் இடத்தில் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, உள்ளே இருப்பது சுழலும் வன்தட்டா, எஸ்எஸ்டியா என்று அறிந்துகொள்வது. சுழலும் வன்தட்டில் கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்தினால் பலன் உண்டு. அதையும் விண்டோஸ் தானாகவே அட்டவணை போட்டுச் செய்கிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லாததால், அதற்கென்று தனி மென்பொருள் வாங்கி ஒழுங்குபடுத்துவது வீண் தேய்மானம். காசு செலவழித்தே தீருவது என்றால், சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதற்கும் ரேமைக் கூட்டுவதற்கும் செலவழிக்கலாம். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இதைச் சாக்காக வைத்து, 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது' என்று அழைப்பவர்களும் உண்டு. திரையில் தொலைபேசி எண்ணைக் காட்டி 'உடனே அழையுங்கள்' என்று சொல்லும் எச்சரிக்கை எதுவும் மைக்ரோசாப்டுடையது அல்ல. பதற்றத்தில் ஏற்கனவே அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு மூடி மறைக்கத் தேவையில்லை. உடனே வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 ஆகிய மோசடி உதவி எண்களை அழைக்கலாம்.

வீட்டைக் கூட்ட வருகிறேன் என்று சொல்பவர், வாசலில் நின்றபடியே "உள்ளே ஆயிரம் பாம்புகள் இருக்கின்றன" என்று கத்தினால், அவர் கையில் துடைப்பம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அவர் எப்படி உள்ளே பார்க்காமல் எண்ணினார் என்று கேட்பதே புத்திசாலித்தனம். அந்த ஒரு கேள்வியை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்துவிட்டால், கணினி மெதுவாக ஓடினாலும் பணப்பை பத்திரமாக இருக்கும்.